கேட்டும் கேளாமலும்

இசையை மதிப்பதென்றால் யாது? முழுச் செவியையும் கொடுத்துக் கேட்பதே அதனை மதிப்பதாகும் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அரங்கில் ஆலாபனை நடக்கும்போது அருகிருப்பவர் பையைத் திறந்து முறுக்கை எடுத்தாலும் நமக்குப் பொறாது. வீட்டில் இசைத்தட்டு சுழலும்போது எவரேனும் பேசத் தொடங்கினால், எழுந்துபோய்த் தட்டை நிறுத்திவிட்டு, "சொல்லுங்கள்" என்று அமர்ந்துகொள்வது நம் வழக்கம். இதனைப் பணிவு என்று நாம் கருதினோம். வந்தவர்கள் என்ன கருதினார்களோ, அறியோம். இக்கொள்கையை அசைத்தது எந்த நூலும் அன்று. நண்பர் ஒருவரின் உறக்கமின்மைதான் அசைத்தது.

அவர் தலைநகரில் மத்திய அரசு அலுவலகமொன்றில் 33 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இராமகிருஷ்ணபுரத்துக் குடியிருப்பில் அடுத்த வீட்டாராய் இருந்த நாள்தொட்டு நமக்குப் பழக்கம். கோப்புகளைத் தவிர வேறொன்றிலும் அவருக்கு நாட்டமிருந்ததாக நாம் கண்டதில்லை. சென்ற ஆண்டு அவருடைய துணைவியார் காலமானார். மகன் கடல்கடந்த நாட்டில் இருக்கிறான். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பதாகவும், மருத்துவர் தந்த மாத்திரையால் பகலெல்லாம் தலை கனப்பதாகவும் ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டு, "உங்களிடம்தான் ஏராளமாக இசை இருக்கிறதே. படுத்துக்கொண்டே கேட்பதற்கு நாலு தேர்ந்து கொடுங்கள். எனக்குச் சங்கீதம் தெரியாது. மனம் அடங்கினால் போதும்" என்றார்.

துயருற்ற நண்பர் ஒருவர் கேட்ட எளிய உதவி இது. எனினும், ஒளிப்பானேன், முதலில் நம் உள்ளத்தில் எழுந்தது சிறு சினமே. ஆயுள் முழுவதும் உழைத்து ஒருவர் கைவரப்பெற்ற கலையை மற்றொருவர் தலையணையாகக் கேட்பதா? கேளாதிருப்பதற்கென்றே இசையைத் தேர்ந்து தருவது அறமாகுமா? இவ்வினாவை அன்றிரவு நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தோம். உறக்கமின்மை அவரிடமிருந்து நமக்கும் தொற்றிக்கொண்டது.

நம் சினத்திற்குச் சான்றுகள் இல்லாமற் போகவில்லை. அமெரிக்காவில் ஜார்ஜ் ஓவன் ஸ்கொயர் என்பார் 1934ஆம் ஆண்டு 'மியூசாக்' என்னும் பெயரைப் படைத்து, கடைகளுக்கும் தொழிற்கூடங்களுக்கும் கம்பி வழியே இசையை வழங்கும் வாணிகத்திற்குச் சூட்டினார். நீர்க்குழாய் போல் இசைக்குழாய்! அது பெருகிய பெருக்கைக் கண்டு, யுனெஸ்கோவைச் சார்ந்த உலக இசை மன்றம் 1969இல் பாரிசில் கூடி, பொதுவிடங்களில் கேட்பாரின் விருப்பமின்றி இசையை ஒலிக்கச் செய்வது மனிதனின் அமைதி உரிமையைப் பறிப்பதாகும் எனத் தீர்மானம் இயற்றியது. தீர்மானம் இயற்றியவர்கள் இசைக்கலைஞர்கள் என்பதை நினைவில் வைத்தல் வேண்டும். அதற்கும் அப்பாற்பட்ட வேடிக்கை ஒன்று 2003ஆம் ஆண்டு இலண்டனில் நடந்தது. சுரங்க இரயில் நிலையத்தில் கூடித் தொல்லை தந்த இளைஞர்களை விரட்டுவதற்கு அங்கே செவ்வியல் இசையை ஒலிபரப்பினர். மனத்தைச் சாந்தப்படுத்தும் என்று ஒரு கடையில் விற்கும் அதே இசை, மற்றோரிடத்தில் காக்கை விரட்டும் கோலாயிற்று.

இவற்றினும் நம்மை உறுத்துவது, ஓய்வுக்கென்று தொகுத்து விற்கப்படும் தொகுப்புகளின் செயலாகும். பீத்தோவன் 1801இல் இயற்றிய பியானோ சொனாட்டா ஒன்றினை 'நிலவொளி' என்று உலகம் அழைக்கின்றது. அப்பெயர் அவர் இட்டதன்று. அவர் மறைந்த பின்னர், ரெல்ஸ்டாப் என்ற திறனாய்வாளரின் உவமையினின்று பிறந்தது. அதன் முதற்பகுதி மெல்ல நடக்கும். இரண்டாம் பகுதி சிறியது. மூன்றாம் பகுதியோ கரையை உடைத்துக்கொண்டு வரும் வெள்ளம். குறுந்தகட்டுக் காலத்திலும் சரி, கைப்பேசியில் இசை வந்து குவியும் இக்காலத்திலும் சரி, ஓய்விசைத் தொகுப்புகளில் முதற்பகுதி மட்டுமே இடம்பெறும். முழுமையும் கேட்டவர்க்குத்தான் தெரியும், அம்முதற்பகுதியில் இருப்பது அமைதியன்று, அடக்கிவைத்த துயரம் என்பது. அணையை விட்டுவிட்டு, அணைக்குப் பின்னே தேங்கிநிற்கும் நீரைக் காட்டி, "எத்துணைச் சாந்தமான குளம்!" என்றாற்போல இருக்கிறது. இத்தொகுப்புகளில் தவறாது இடம்பெறும் 'அல்பினோனியின் அடாஜியோ'வுக்கும் அல்பினோனிக்கும் உள்ள உறவு பெயரளவில்தான். அதனை ஆக்கி 1958இல் வெளியிட்டவர் ரெமோ ஜியாசோட்டோ என்னும் இருபதாம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர். உறங்கப்போகிறவன் முத்திரையைச் சோதிக்கமாட்டான் என்ற துணிவு போலும்.

இவ்வளவும் எண்ணிச் சினத்திற்கு நெய் வார்த்துக்கொண்டிருக்கையில், நம் தமிழே குறுக்கே வந்து நின்றது. அகநானூற்றின் 102ஆம் பாட்டில் ஒரு தினைப்புனம் வருகிறது. இரவு. காவல் காக்க வேண்டிய கானவன் கள்மயக்கத்தில் கிடக்கிறான். குறமகள் ஒருத்தி கூந்தலைக் காற்றில் உலர்த்தியபடி குறிஞ்சிப்பண் பாடுகின்றாள். தினையைத் தின்ன வந்த யானை கதிரையும் தின்னவில்லை, இடத்தை விட்டும் பெயரவில்லை, நின்றவாறே உறங்கிவிடுகின்றது. அப்பாடலை எத்தனையோ முறை படித்திருக்கிறோம். யானை உறங்கியதால் பண்ணுக்கு இழுக்கு நேர்ந்ததாகப் புலவர் கருதவில்லையே என்பது அன்றிரவுதான் உறைத்தது. கருதாதது மட்டுமன்று, பாட்டின் பெருமைக்கு அவ்வுறக்கத்தையே சான்றாக நிறுத்துகின்றார்! புறநானூற்றில் போரில் புண்பட்டு வந்தவன் கிடக்கும் மனையில் யாழும் பல்லியமும் ஒலிக்கக் காஞ்சிப்பண் பாடப்படுகின்றது. அங்கும் புண்பட்டவன் தாளம் போட்டுக் கேட்டான் என்று எவரும் எழுதிவைக்கவில்லை. கோயில்களில் பள்ளியறைச் சேவையின்போது நாகசுரத்தில் நீலாம்பரி ஒலிப்பதை நாமே கேட்டிருக்கிறோம். இறைவனையே இசையால் உறங்கவைக்கும் மரபில் வந்த நாம், ஓய்வு பெற்ற அலுவலர் ஒருவரின் உறக்கத்திற்கு இசை தர மறுப்பது எவ்வகையில் நேர்மை?

ஒன்று மட்டும் தெளிவாயிற்று. குறமகளின் பாட்டுக்கும் இரயில் நிலையத்து ஒலிபெருக்கிக்கும் உள்ள வேறுபாடு பாட்டில் இல்லை. ஒலிப்பவர்க்கும் கேட்பவர்க்கும் இடையே உள்ள உறவில் இருக்கின்றது. உறங்குகிறவன் அவமதிக்கவில்லை. அவன் யாரென்றே அறியாது அவன் காதில் ஊற்றுபவனே அவமதிக்கின்றான். இம்முடிவில் மிக்க மனநிறைவு கொண்டு, மறுநாள் காலை தேர்வில் இறங்கினோம். அந்த மனநிறைவே நம்மைக் கெடுத்தது என்பதைப் பின்னர் அறிந்தோம்.

தேர்ந்தவற்றைச் சொல்கின்றோம். வீணை எஸ். பாலசந்தரின் நீண்ட ஆலாபனை ஒன்று. நிகில் பானர்ஜியின் சிதார் ஒன்று. பிருந்தா, முக்தா சகோதரியர் பாடிய பதங்கள் சில. விளம்பகாலத்தில் சங்கதிகள் ஒன்றிலிருந்து ஒன்று கழன்று வரும் அழகுக்கு அவற்றுக்கு நிகர் கண்டிலோம். எம்.எஸ். பாடிய கீர்த்தனைகள் சில. இத்தனையும் ஒரு பென்டிரைவில் பதிந்து கொண்டுபோய்க் கொடுத்தோம். அவருடைய மகன் வாங்கி அனுப்பியிருந்த சிறு ஒலிபெருக்கி கட்டிலருகே இருந்தது. கேட்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, நல்ல காரியம் செய்தோம் என்று வீடு திரும்பினோம்.

ஒரு வாரம் கழித்துச் சென்றபோது அவர் முகத்தில் கருமை கூடியிருந்தது. சொல்லத் தயங்கினார். வற்புறுத்தவே, "வீணை ஆரம்பித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். யார் போய்விட்டார்கள் என்று தோன்றியது" என்றார். நமக்கு முதலில் விளங்கவில்லை. பின்னர் விளங்கியது. தலைவர்கள் மறைந்தால் அகில இந்திய வானொலி தன் நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு, துக்கம் முடியும்வரை வாத்திய இசையை ஒலிபரப்பும். 1964 மே மாதம் நேரு மறைந்தபோது அவர் பன்னிரண்டு வயதுச் சிறுவர். 1984 அக்டோபர் 31ஆம் நாள் இந்திரா காந்தி சுடப்பட்டபோது இதே தில்லியில் இளம் ஊழியர். தொடர்ந்து வந்த நாள்களில் இந்நகரத் தெருக்களில் சீக்கிய மக்கள் கொல்லப்பட்டனர். சன்னலுக்கு வெளியே புகை எழக் கண்டபடி, அறைக்குள் வானொலியின் சோக இசையைக் கேட்டுக்கொண்டு, அண்டை வீட்டுச் சீக்கியக் குடும்பத்தின் குழந்தைகளைத் தம் கட்டிலடியில் மறைத்து வைத்திருந்தவர் அவர். அது நமக்கும் தெரிந்த செய்தியே. தெரிந்திருந்தும் வீணையைக் கொடுத்தோம். அமெரிக்கரும் இதனை அறிவர். சாமுவேல் பார்பரின் 'அடாஜியோ' இன்று ஓய்விசைத் தொகுப்புகளில் இருப்பது. ஆனால் 1945இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் இறந்தபோது வானொலியில் அதனைக் கேட்டவர்களுக்கு அது எவ்வாறு ஓய்வாகும்?

சிதார் முதலில் நன்றாயிருந்ததாம். பின்னர்த் தபலா சேர்ந்து விரைவு கூடியதும், யாரோ துரத்துவதுபோல் இருந்ததாம். பதங்கள் ஓர் அரங்கில் பதிவானவை. கண் செருகும் நேரத்தில் கைதட்டல் எழுந்தது. இதனை நாம் ஒரு கணமும் எண்ணிப்பார்க்கவில்லை. எம்.எஸ். பற்றிக் கேட்டபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை. வேங்கடேச சுப்ரபாதத்தை எம்.எஸ். பாடிய இசைத்தட்டு 1963இல் வெளிவந்தது. அதன்பின் அக்குரலோடு விடியாத தென்னிந்திய வீடு அரிது. அவருடைய துணைவியார் நாற்பதாண்டு காலம் நாள்தோறும் அதனைப் போட்டுவிட்டுத்தான் அடுப்பில் பாலை வைப்பாராம். "எந்தப் பாட்டானாலும் அந்தக் குரலைக் கேட்டால் எழுந்துவிடுகிறேன். சமையலறையில் விளக்கு எரிகிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து படுக்கிறேன்" என்றார்.

வீட்டிற்கு நடந்து வரும்போது நமக்கு நாணமாக இருந்தது. அப்பட்டியலை நாம் யாருக்காகத் தயாரித்தோம்? சங்கீதம் அறிந்த வேறொருவர் அதனைப் பார்த்தால், "அடடா, என்ன தேர்வு!" என்பார். அந்த ஒருவர்க்காகவே தயாரித்திருக்கிறோம். இசையை அவர் ஒரு கருவியாகப் பயன்படுத்தப் பார்க்கிறார் என்று சினந்தோமே, நாமல்லவா அவருடைய துயரத்தை நம் இரசனைக்கு மேடையாகப் பயன்படுத்தினோம்? கலையை அவமதிப்பது பற்றி ஓர் இரவு முழுதும் சிந்தித்த நாம், அவருடைய இரவு எவ்வாறு கழிகிறது என்று கால்மணி நேரமும் சிந்திக்கவில்லை. இளைப்பாறும் இசையைப் பிறர்க்குத் தேர்வதில் இசையறிவு இரண்டாவது தகுதியே போலும்.

பின்னர்ச் சில செய்திகளை அவரிடமிருந்தே கற்றோம். ஒலியின் ஏற்றத்தாழ்வு மிகுதியாக இருத்தல் ஆகாது. மெல்லிய இடத்திற்கேற்ப ஒலியளவை வைத்தால் வல்லோசை வரும்போது நெஞ்சு துணுக்குறும். (ஐடனின் 94ஆம் சிம்பொனியின் மெல்நடைப் பகுதியில் திடீரென ஒரு பேரொலி எழும். 1792இல் இலண்டன் அவையைத் திடுக்கிடச் செய்தது அது. அதனை உறக்கத்திற்குப் பரிந்துரைப்பவன் நண்பனாகான்.) சொற்கள் புரியும் பாட்டு உதவாது. புரிந்த சொல் மனத்தில் வேறொரு சொல்லைப் பிறப்பிக்கும், அது இன்னொன்றை. அரங்கப் பதிவு கூடாது. இவையெல்லாம் எளியவை. அரியது ஒன்றே: அந்த மனிதரின் வாழ்வில் ஏற்கெனவே இடம்பிடித்திராத ஓர் ஓசையாக அது இருத்தல் வேண்டும். எழுபது வயது கடந்தவர்க்கு அப்படிப்பட்ட ஓசையை எங்கே போய்த் தேடுவது?

அவ்வாறு தேடுகையில்தான் பாக் நினைவுக்கு வந்தார். 1741இல் அச்சேறிய அவருடைய 'கோல்ட்பெர்க் வேறுபாடுகள்' என்னும் படைப்பைப் பற்றி ஒரு கதை உண்டு. கைசர்லிங் என்ற பிரபுவுக்கு உறக்கம் வருவதில்லை. அடுத்த அறையிலிருந்து கோல்ட்பெர்க் என்னும் இளைஞன் வாசிப்பதற்கென்றே பாக் இதனை ஆக்கித் தந்தார் என்று, 1802இல் பாக்கின் வரலாற்றை எழுதிய ஃபோர்க்கெல் கூறினார். அறிஞர்கள் நம்புவதில்லை. முதற்பதிப்பில் அப்பிரபுவின் பெயரே இல்லை. இளைஞனுக்கும் அப்போது வயது பதினான்குதான். எனினும் பாக் தாமே நூலின் முகப்பில், இசையன்பரின் உள்ளக் களிப்புக்கென்று இதனை ஆக்கியதாகக் குறிப்பிட்டிருக்கின்றார். அப்பெரியவர்க்கே இழுக்காகத் தோன்றாதது நமக்கு மட்டும் ஏன் தோன்ற வேண்டும்?

முதலில் ஒரு மெல்லிசை; பின்னர் முப்பது வேறுபாடுகள்; இறுதியில் மீண்டும் அதே மெல்லிசை. நம் பாடகர்கள் ஒரு வரியை எடுத்துக்கொண்டு நிரவல் செய்வதை இஃது ஒருவாறு ஒக்கும். மேலே எத்தனை கோலம் மாறினும் கீழே தாங்கிச் செல்லும் ஓசையின் அடிவைப்பு மாறாது. கனடா நாட்டுக் கிளென் கூல்ட் இதனை இருமுறை பியானோவில் பதிந்திருக்கிறார். 1955ஆம் ஆண்டுப் பதிவு 38 நிமிடங்களில் பறந்துவிடும். 1981ஆம் ஆண்டுப் பதிவு 51 நிமிடங்கள். அடுத்த ஆண்டு, ஐம்பதாம் வயதில், அவர் மறைந்தார். நாம் பின்னதைத் தேர்ந்தோம். இதிலும் விரைந்தோடும் பகுதிகள் பல உண்டு. மேலே சொன்ன விதிகளுக்கு இது முழுவதும் அடங்குவதன்று. மேலும் கூல்ட் வாசிக்கும்போது வாய்க்குள் முனகும் பழக்கமுள்ளவர். அது பதிவிலும் கேட்கும். இசை வல்லோர் பலர் குறைகூறுவது அதனைத்தான். அரைமனத்தோடுதான் கொடுத்தோம்.

நான்கு நாள் கழித்து அவரே தொலைபேசியில் அழைத்தார். மூன்று இரவு நன்கு உறங்கினாராம். "என்ன வாசிக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த மனிதர் கூடவே ஏதோ முனகிக்கொண்டு இருக்கிறாரே, அது நன்றாக இருக்கிறது. அடுத்த அறையில் ஆள் இருக்கிற மாதிரி" என்றார். நாம் குறையென்று எண்ணித் தயங்கியதே அவரை உறங்கவைத்தது.

எரிக் சாட்டி என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் 1920இல் பாரிசில் ஒரு சோதனை செய்தார். நாற்காலி, மேசைபோல் இசையும் அறையில் இருந்துவிட்டுப் போகட்டும் என்பது அவர் கருத்து. அதற்கு 'அறைகலன் இசை' என்றே பெயரிட்டார். நாடக இடைவேளையில் அதனை வாசிக்கச் செய்து, எவரும் கேட்க வேண்டா, பேசிக்கொண்டு உலவுங்கள் என்று வேண்டினார். இசை தொடங்கியதும் மக்கள் இருக்கைக்குத் திரும்பி வாய்மூடிக் கேட்கத் தொடங்கிவிட்டனர். "பேசுங்கள், நடமாடுங்கள்" என்று சாட்டி கூவியும் பயனில்லை. இக்கதை நமக்கு முன்பே தெரியும். நண்பர் வீட்டில் அது மீண்டும் நடக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

ஆறு வாரம் சென்றபின் ஒரு பனிக்காலை வீட்டிற்கே வந்துவிட்டார். கம்பளி குல்லாயைக் கழற்றாமலே அமர்ந்தார். "அது இப்போது உதவுவதில்லை" என்றார். ஏன் என்றோம். நடுவில் ஓரிடம் வருகிறதாம். மிக மெதுவாக, ஒருவர் ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் நிற்பதுபோல. அதற்காக விழித்திருக்கத் தொடங்கிவிட்டாராம். அது வந்துபோன பிறகு, முதலில் கேட்ட அடிவைப்பு அதற்குள்ளும் இருந்ததா என்று தேடத் தோன்றுகிறதாம். எண்ணிப் பார்த்தோம், இருபத்தைந்தாம் வேறுபாட்டைத்தான் சொல்கிறார். இம்மாபெரும் படைப்பின் ஆழமான இடம் அதுவே எனப் பலரும் கருதுவர். அவரிடம் அதனை யாரும் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை.

"அப்படியானால் பென்டிரைவைக் கொடுங்கள், மாற்றித் தருகிறோம்" என்று கை நீட்டினோம். அவர் சட்டைப்பையை மூடிக்கொண்டார்.

"இது பகலுக்கு இருக்கட்டும். இரவுக்கு வேறொன்று பார்த்துக் கொடுங்கள்."